பின்பக்க இழுவை

பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தவன் பிரஷ்ஷை வாயிலேயே நிறுத்திவிட்டு வண்டியைப் பார்த்தான். ராத்திரி நிறுத்திய இடத்தில் அது இல்லை. பெரிய தூரமெல்லாம் போய்விடவில்லை, ஒரு சாண் இருக்கும். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அச்சகத்தில் ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் மயிரிழை பிசகாமல் விழுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுதான் அவனுக்கு வேலை. வண்டியை நிறுத்தும்போதும் முன்சக்கரங்கள் தரைக் கல்லின் இணைப்புக் கோட்டில் உட்கார்ந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"அப்பா, ராத்திரி யாராவது வண்டியை எடுத்தாங்களா?"

வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "உன் மாடிவீட்டை எவன்டா எடுப்பான்? ஏறுறதுக்கே ஏணி வேணும்."

ஹேண்ட்பிரேக் தளர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தான். அலுவலகத்துக்குப் பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குவது ஒரு சரிவு. வண்டி மூக்கை வீட்டுப் பக்கம் வைத்துக் கீழ்நோக்கி நிற்கிறது. பிரேக் தளர்ந்தால் அது முன்னால் உருண்டு சுவரில்தான் முட்டியிருக்க வேண்டும். இது பின்னால் போயிருந்தது. மேட்டில் ஏறி.

அந்த வண்டியை அவன் ஆசைப்பட்டு வாங்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று முறை டவுனில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவர் அடுத்த வாரத்தைப் பார்ப்பார். வீட்டுக்கும் டவுனுக்கும் நடுவே ஒரு ஆறு, அதன் மேல் ஒரு தரைப்பாலம். போன வருட வெள்ளத்தில் பாலத்தின் நடுப்பகுதி உடைந்துபோனது. அதிகாரிகள் வந்து பார்த்து, ‘பாலம் பழுது’ என்று அழகாக ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எல்லோரும் பாலத்தை ஒட்டி ஆற்றுக்குள் இறங்கித்தான் ஏற வேண்டியிருந்தது. வாடகைக் கார்க்காரர்கள் விலாசத்தைக் கேட்டதுமே போனை வைத்தார்கள். இருந்த சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற இந்த வண்டியை வாங்கினான்.

வாங்கிய நாளிலிருந்து அவன் ஊருக்கே பொதுச்சொத்து ஆகிவிட்டான். கட்டில் ஏற்ற வேண்டும், வேரோடு சாய்ந்த மரத்தை இழுக்க வேண்டும், சேற்றில் மாட்டிய வண்டியைத் தூக்க வேண்டும். "உங்களுக்கென்ன சார், ஃபோர் வீல் டிரைவ்" என்று ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று அர்த்தம். மனைவி சிரிப்பாள். "பேசாம ஒரு போர்டு மாட்டிடுங்க, இங்கே இலவசமா இழுத்துத் தரப்படும்னு."

மேட்டில் ஏறி நின்ற அந்த வாரத்திலிருந்து வண்டி கனத்தது. சமமான சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், முன்பெல்லாம் தன் போக்கில் கொஞ்ச தூரம் உருளும். இப்போது யாரோ சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்ததுபோல் உடனே தயங்கியது. டீசல் முள் கண்ணெதிரே இறங்கியது. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. பின்பக்கம் போனவன், கட்டி இழுப்பதற்காக அடியில் இருக்கும் இரும்புக் கொக்கியைத் தற்செயலாகத் தொட்டான். வெயிலில் நின்றிருந்த வண்டியில் அந்தக் கொக்கி மட்டும் சில்லென்று நனைந்திருந்தது. விரலை முகர்ந்தான். ஆற்றின் அடியில் வெகுகாலம் கிடந்த சேற்றின் வாடை.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி, இறக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஒண்ணுமில்ல சார். ஜம்முன்னு இருக்கு."

"ராத்திரில நகருதுய்யா."

"ஹேண்ட்பிரேக்கை டைட் பண்ணிட்டேன்."

"கீழ வரல. மேல போகுது."

மெக்கானிக் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "மேல போகுதுன்னா நல்லதுதானே சார். என்கிட்ட வர்ற வண்டி எல்லாம் மேட்டுல ஏற மாட்டேங்குதுன்னுதான் வருது."

பட்டறைப் பையன்கள் எல்லாரும் திரும்பிச் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து குத்தினான். கைதான் வலித்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தால் பால் வேன்காரரிடம்தான் போய் நின்றது. ஆற்றுக்குள் அவருடைய வேன் பின்சக்கரம் வரை புதைந்துவிட்ட நாள். வழக்கம்போல் இவனுக்குத்தான் போன். செம்மண் கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. முழங்கால் ஆழத்தில் நின்று, குனிந்து, கையால் தடவிப் பார்த்தே வேனின் அடியில் இருந்த வளையத்தில், தன் வண்டிக் கொக்கியில் கோத்திருந்த பட்டைக் கயிற்றின் முனையை மாட்டினான். பிறகு வண்டியில் ஏறி இழுத்தான். கயிறு விறைத்தது. பின்னால் எதுவோ அசைந்து கொடுத்தது. வேரோடு பிடுங்குவதுபோல, மெல்ல, மனமில்லாமல் அது கூடவே வந்தது.

"அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பால் வேன்காரர் கத்தினார். "நீங்க கட்டினது என் வண்டியில இல்லண்ணே."

இறங்கிப் பார்த்தான். வேன் இருந்த இடத்திலேயே இருந்தது. கயிறு அதற்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் நேராக இறங்கி, தானாகவே விறைத்து நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தொய்ந்து மிதந்தது. ஏதோ மரக்கட்டையாக இருக்கும் என்றார் பால் வேன்காரர். ஒரு வாரம் டீக்கடையில் அதைச் சொல்லியே சிரித்தார்கள். இரண்டு கண்ணும் பூதக்கண்ணாடி, ஆனா வேன் எதுன்னு தெரியல. கயிறு அங்கேயே கழன்றுவிட்டது. வெறுங்கொக்கியோடுதான் அவன் வீட்டுக்கு வந்தான். அதை நிச்சயமாகப் பார்த்திருந்தான்.

பின்சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்தான். காலையில் செங்கற்கள் நொறுங்கிக் கிடந்தன. தரைக் கல்லின் மேல் சக்கரம் உருண்ட தடமும் இல்லை. கரிக்கோடுகள் இருந்தன. சக்கரம் சுழலாமல், பூட்டியது பூட்டியபடி, வண்டியை அப்படியே தேய்த்து இழுத்த கோடுகள்.

மறுநாள் அலுவலகம் விட்டு வந்ததும் இறங்காமல் உள்ளேயே இருந்தான். எஞ்சினை அணைத்தான். சூடு குறையும் இரும்பு அங்கங்கே முணுமுணுத்து அடங்கியது. வீட்டுக்குள் அப்பா டிவியில் ஏதோ செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டில் குழாய் சொட்டியது, ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. எல்லாம் அடங்கிய இடத்தில் அது வந்தது. மெதுவான ஒரு இழுப்பு. நின்றது. மறுபடி ஒரு இழுப்பு. கிணற்றில் வாளியை இழுக்கிறவர் ஒரு கை மாற்றி மறு கை போடுவதுபோல, அவசரமே இல்லாத இழுப்பு. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் சரிவு, தெரு, தெருவின் முடிவில் ஆற்றுக்குப் போகும் பாதை. வேறு எதுவும் இல்லை.

"இதை வித்துடலாம்" என்றான் அன்றைக்குச் சாப்பிடும்போது.

மனைவி கரண்டியை வைத்தாள். அவள் அந்த ஆஸ்பத்திரியில்தான் மருந்துக் கவுண்டரில் வேலை செய்தாள். "வித்துட்டு? அப்பாவைத் தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா?"

"வண்டியில ஏதோ சரியில்ல."

"மெக்கானிக் சரியா இருக்குங்கறார். நீங்கதான் ஒரு வாரமா சரியில்ல."

அப்பா தட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார்: "என்னை ஏத்தி ஏத்தி வண்டிக்கு அலுத்துப் போச்சுடா. மனுஷனுக்கே அலுக்குது."

அவன் எழுந்து கை கழுவப் போனான்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஏறியது. காலை ஷிப்டுக்குப் போன மனைவி அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு தோழி வீட்டில் தங்கினாள். அப்பாவுக்கு ஒரு முறை சிகிச்சை தவறியது. அடுத்த நாள் அவருடைய கால்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. பள்ளிக்கூட மைதானத்தில் நானூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்திய மனுஷர், இப்போது ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை வருவோம், அதற்கு மேல் எங்கள் வண்டி இறங்காது என்றார்கள். மனைவியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "கிளம்பிட்டீங்களா இல்லையா? இன்னைக்கும் விட்டா நுரையீரல்ல நீர் ஏறிடும்னு டாக்டர் சொல்றார். அதுக்குத்தானே அந்த வண்டி?"

அதற்குத்தான் அந்த வண்டி.

பின்சீட்டில் தலையணை வைத்து அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்தான். பெல்ட்டை இழுத்துப் போட்டு மாட்டினான். மதியச் சாப்பாட்டு நேரம்தான். வெளிச்சம் அந்தி போல இருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு வண்டி இலகுவாகவே போனது. ஆற்றை நோக்கிப் போகும்போது அது எப்போதும் இலகுவாகத்தான் போகிறது என்பது அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. திரும்ப வழியில்லை.

கரையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மாற்றி, இருப்பதிலேயே இழுவை அதிகமான கியரைப் போட்டான். தண்ணீர் ‘பாலம் பழுது’ பலகையின் கால்வரை நின்றது. எதிர்க்கரையில், மழைக்குள், ஆம்புலன்ஸின் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. இறங்கினான். தண்ணீர் கதவில் மோதி, அடியில் புகுந்து, காலுக்குக் கீழே தகரத்தை விரல்களால் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே போனது. சேற்று வாடை ஏசி வழியாக உள்ளே வந்தது. நடு ஆற்றில் வண்டி நின்றது.

சக்கரங்கள் சுற்றுவது தெரிந்தது. நாலும் பிடித்துச் சுற்றின. வழுக்கவில்லை. வண்டி நகரவில்லை.

"நின்னுட்டியாடா?"

"இல்லப்பா. போயிட்டுதான் இருக்கு."

"எனக்குப் பின்னாடி போற மாதிரி இருக்கு."

இழுப்பு. நிறுத்தம். இழுப்பு. எதிர்க்கரை விளக்கு ஒரு விரற்கடை சின்னதானது.

"டேய்." அப்பாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "பின்னாடி யாரை ஏத்தினே?"

"யாரும் இல்லப்பா. சாமான் கூட இல்ல."

"முதுகுல கை வெச்சுப் பாக்குது. சீட்டுக்கு உள்ளேயிருந்து. எது எங்கேன்னு தடவிப் பாக்குதுடா."

அவன் திரும்பவில்லை. திரும்பினால் கால் தளர்ந்துவிடும். ஒரு வாரமாகச் சிரித்த முகங்கள் எல்லாம் அவனுக்குள் திரண்டன. மெக்கானிக், டீக்கடை, பலகையை நட்டுவிட்டுப் போனவர்கள், கரையில் விளக்கைச் சுழலவிட்டுச் சும்மா நிற்கிறவன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். எஞ்சின் அலறியது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. விடு. விட்டுத் தொலை. மிதித்தான்.

விட்டது.

எதுவோ ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். வண்டி துள்ளி, தண்ணீரைப் பிளந்து, எதிர்க்கரை மேட்டில் ஒரே மூச்சில் ஏறியது. கனமே இல்லை. வாங்கிய முதல் நாள் இருந்ததுபோல், காலை எடுத்த பிறகும் தன் போக்கில் உருண்டது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வந்தது.

"பாத்தீங்களாப்பா? உங்க மாடிவீடு ஏறிடுச்சு."

பதில் இல்லை. மூச்சு வாங்குகிறார் போலிருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர் குடையை விரித்துக்கொண்டு இறங்குவது தெரிந்தது. போன் அடித்தது. மனைவியின் குரல் ஸ்பீக்கரில் வண்டி முழுக்கக் கேட்டது. "ஏறிட்டீங்களா? அப்பா எப்படி இருக்கார்?"

பார்த்துச் சொல்லத் திரும்பினான்.

தலையணை இருந்தது. நாலு கதவும் பூட்டியபடி இருந்தன. பெல்ட் மாட்டியது மாட்டியபடி இருந்தது. ஆனால் அதன் இரண்டு பட்டைகளும் சீட்டின் மேல் இல்லை. சீட்டின் முதுகைத் தாண்டி, வெறும் சாமான் இடத்தைக் கடந்து, கம்பிபோல் விறைத்து, சாத்தியிருந்த பின்கதவின் ரப்பர் விளிம்புக்குள் போயிருந்தன. ஒரு தாள் நுழையாத இடுக்கு அது. கதவோரத் தூணுக்குள் இருந்த பெல்ட் சுருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டிக் டிக் டிக். நிறுத்தம். டிக் டிக்.

எட்டிப் பிடித்தான். நனைந்திருந்தது. சில்லென்றிருந்தது. அந்த முனையில் ஒரு கை மாற்றி மறு கை போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா?" என்றாள் மனைவி. "ஒரு நிமிஷம் அவர்கிட்ட குடுங்க, நான் பேசறேன்."

பெல்ட் அவன் உள்ளங்கைக்குள் வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.