பாலில் இழைத்த சங்கு

கரண்ட் போனதும், பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டின் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு நின்றன. மாதாந்திரப் பராமரிப்பு, இனி சாயங்காலம்தான் வரும். கல்யாணமாகி அவிநாசிபாளையத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் இரைச்சலுக்குள்ளேயே சமைத்தும் படித்தும் தூங்கியும் பழகிவிட்ட அன்புசெல்விக்கு, அது நின்றால்தான் காது என்னவோ செய்யும். ஐப்பசி மழை வெளியே தென்னை ஓலைகளிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஈரப் பஞ்சின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து தங்கியிருந்தது. அந்த அமைதிக்குள் வேறொரு சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

யாரோ உப்புத்தாளை எடுத்து, அவசரமே இல்லாமல், சுண்ணாம்புச் சுவரைத் தேய்ப்பது போல.

அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். இந்தச் சத்தம் இந்த ஊரில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நத்தை சுண்ணாம்பு தின்கிறது. நத்தைக்குக் கண் கொம்பு நுனியில்; நாக்கு முழுக்கப் பொடிப் பற்கள், அரம் மாதிரி. ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும் என்பதற்காகச் சுவரைச் சுரண்டும், கல்லைச் சுரண்டும், கிடைத்தால் செத்த மாட்டின் எலும்பையும் சுரண்டும். உடுமலைப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து காங்கேயம் வரைக்கும் தோப்பிலும் வேலியிலும் வாழும் நில நத்தைகளை வகை பிரிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கணவன் மகுடேஸ்வரன் ஷெட்டிலிருந்து கொண்டுவந்து தந்த பட்டன் டப்பாக்களில் அவை பின்னறை அலமாரி முழுக்க இருந்தன. அரிசி மணி அளவில் சில, சட்டைப் பொத்தான் போலத் தட்டையாகச் சில, திருகாணி போல நீண்டவை சில. ஒன்றின் ஓட்டில் மெல்லிய ரோமம்கூட உண்டு. ஒரே தோப்பில் இத்தனை விதமா என்று பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

ஏழாம் மாதத்து வயிற்றைத் தாங்கியபடி எழுந்து சுவரோரம் தேடினாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில். பளபளக்கும் ஈரக்கோடு எங்கேயும் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கிய பிள்ளை நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை தாண்டியதும் வீடே குரலைத் தாழ்த்திக்கொண்டது. மகுடேஸ்வரன் வாசலில் பைக்கை அணைத்து உருட்டிக்கொண்டு வருவான். மாமியார் மருதாள் அம்மிக்கல்லைக்கூடக் கொல்லைப்புறம் மாற்றிவிட்டாள். போன மாதம் டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "குழந்தை நல்லா இருக்கு. உங்க உடம்புலதான் கால்சியம் இறங்கிட்டே போகுது. மாத்திரையை விடாதீங்க." அவள் விடவில்லை. அப்படியும் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த கணவனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதுங்களா?"

அவன் சுவரில் காதை வைத்துப் பார்த்தான். "என்ற காதெல்லாம் ஷெட்டுலயே போயிருச்சு. ஃபேன்ல நூல் சுத்தியிருக்கும்."

"கரண்டே இல்லீங்களே."

"அப்ப என்ற வயிறு கத்துறதாட்ட இருக்குது. சோத்தைப் போடு."

சிரித்தாலும், சாப்பிட்டு முடித்து மழையிலேயே காம்பவுண்டைச் சுற்றிவந்தான். பெரிய நத்தைகள் ஒரு வாளி நிறைய அகப்பட்டன. வேலிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வாசற்படியெல்லாம் கல் உப்பைத் தூவினான். "இனி எவனும் உள்ள வர மாட்டான்" என்றான்.

மெஷின்கள் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. டீ நேரத்தில் அவை நின்றால் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கேட்டது. கூடத்தில் கேட்டது, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் அங்கேயும் கேட்டது. குளியலறைச் சுவரில் டைல்ஸ். அதில் நத்தைக்கு என்ன கிடைக்கும்? அங்கேயும் கேட்டது. எந்த அறைக்குப் போனாலும் ஒரே அளவில், கூடாமல் குறையாமல். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று பட்டது. என்ன என்று யோசிக்க மனம் வரவில்லை.

அந்த வாரம் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஆரோக்கியராஜ் போன் செய்தார்.

"என்னம்மா, நம்ம பேரில்லாத பிள்ளை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க சார். இன்னும் ரெண்டு மாசம்."

"அட, அது தெரியும்லா. நான் கேட்டது உடுமலை நத்தைய. கேரளால ஒரு ஆள்கிட்ட போட்டோவைக் காட்டினேன். அவருக்கும் பிடிபடலை. ஓட்டை நேர்ல பார்க்கணுங்காரு. பத்திரமா வச்சிருக்கேல்லா?"

போன கோடையில் மலையடிவாரத்துப் பாறை இடுக்கில் கிடைத்தது அது. அப்போது வயிற்றில் பிள்ளை இருப்பது அவளுக்கே தெரியாது. கைப்பிடி அளவு, பால் வெள்ளை. வகை பிரிப்பதில் முதல் கேள்வி எளிது. கூர்முனை மேலே இருக்கும்படி ஓட்டைப் பிடிக்க வேண்டும்; வாய் வலப்பக்கம் திறந்திருக்கிறதா, இடப்பக்கமா? பெரும்பாலான நத்தைகள் வலம். இது இடம். அடுத்த கேள்வியிலிருந்து எதுவுமே பொருந்தவில்லை. எந்தக் குடும்பத்திலும் அது போய் உட்காரவில்லை.

"வாய்ல வெள்ளையா மூடி போட்டிருந்துச்சே, அதைப் பிரிச்சிராத" என்றார் அவர். "உள்ள தூங்கிட்டு இருக்கும். மழை தண்ணி இல்லாம வருசக்கணக்குல தூங்கும், தெரியும்லா? உசுரு இருக்கும்மா அதுக்கு."

பின்னறைக்குப் போய் டப்பாவைத் திறந்தாள். பஞ்சு இருந்தது. பஞ்சில் ஒரு குழி இருந்தது.

அலமாரி முழுக்கத் தேடினாள். குனிந்து தேடினாள். நிமிர்ந்தபோது இடுப்பு எலும்பில் ஒரு வலி, உள்ளிருந்து நகத்தால் கீறியது போல.

வானம் இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம் மருதாள் வழக்கம் போலப் பாலோடு வந்தாள்.

"ஆறறதுக்குள்ள குடிச்சுப் போடு கண்ணு."

வளைகாப்புக்குப் பிறகு நாள் தவறாமல் வரும் பால். குங்குமப்பூ என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அடியில் எப்போதும் கொஞ்சம் வெள்ளை வண்டல் நிற்கும். நாக்கில் மணல் போல நெருடும். அந்த நெருடல் அவளுக்குப் பிடித்திருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. விரல் விட்டு வழித்துக்கூடத் தின்றிருக்கிறாள்.

"அத்தை, பின்னறையில ஒரு வெள்ளை ஓடு வச்சிருந்தேன். பாத்தீங்களா?"

"ஓடா? வலம்புரிச் சங்கைப் போயி ஓடுங்கறயே சாமி" என்று மருதாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொத்தான் டப்பாவுல போட்டு வெக்கிற பொருளா அது? கூட்டறதுக்குப் போனவ பாத்தேன். ஒடம்பே சிலுத்துப் போச்சு. நம்ம ஊட்டுக்குத் தானா வந்திருக்குதுன்னு சாமிகிட்ட எடுத்து வெச்சுட்டேன்."

சாமி அலமாரியில் விளக்கு எரிந்தது. விளக்குக்கு முன்னால் சந்தனக்கல். கல்லின் மேல் அது.

மருதாள் எடுத்துக் காட்டினாள். பூஜைச் சங்கைப் பிடிப்பது போலக் கூர்முனையைக் கீழே வைத்துப் பிடித்திருந்தாள். அப்படிப் பிடித்தபோது வாய் வலப்பக்கம் வந்தது. வலம்புரிதான். அன்புசெல்வி அதே ஓட்டைக் கூர்முனை மேலாகப் பிடித்து இடம் என்று எழுதியவள். தலைகீழாக்கினால் பெயர் மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

பாதி ஓடுதான் மிச்சம் இருந்தது. மற்ற பாதி தேய்ந்து, உள்சுருள்கள் திறந்து கிடந்தன. வாயில் மூடி இல்லை. உள்ளே காய்ந்த சதையும் இல்லை. கழுவித் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

"டாக்டரம்மா எலும்புல வலுவில்லீன்னு சொன்னாங்கல்ல. சங்கை இழைச்சுப் பால்ல குடுத்தா கொழந்தைக்கு எலும்பு இரும்பாட்ட வரும். மாத்திரையெல்லாம் எந்த மூலைக்கு?" மருதாளின் முகம் முழுக்கச் சிரிப்பு. "சொன்னா படிச்ச புள்ளை வேண்டாம்பேன்னுதான் சொல்லுல."

"உள்ள... உள்ள ஏதாச்சும் இருந்துச்சுங்களா அத்தை?"

"மெத்துனு என்னமோ இருந்துச்சு. வெண்ணையாட்ட. சங்குக்குள்ள அழுக்கா இருக்கப் போவுது? அதையும் சேத்தித்தான் இழைச்சேன். ஒரு பொட்டு வீணாக்குல கண்ணு."

திட்ட முடியவில்லை. பிள்ளை தங்காத இரண்டு முறையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தலையை மடியில் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த மனுஷி இவள். அன்புசெல்வி பாலைக் கொல்லைப்புறம் கொட்டினாள். தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. எப்போதோ குடித்தது எப்படி வரும்? வாயைக் கொப்பளித்தபோது ஆடிக்கொண்டிருந்த பல் வலியில்லாமல் கையில் விழுந்தது. ரத்தமும் இல்லை. திருப்பிப் பார்த்தாள்.

வேர் முழுக்க நுண்ணிய கீறல்கள். வரிசை வரிசையாக. ஒழுங்காக.

பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"காய்ச்சின பால்தானேம்மா?"

"காய்ச்சி இறக்கின பிறகுதான் கலந்தாங்களாம் சார்."

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரு" என்றார். வழக்கமான கேலி குரலில் இல்லை.

திருப்பூர் போகும் வழியெல்லாம் மழை. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. மகுடேஸ்வரன் ஒரு கையால் அவள் கையைப் பிடித்தபடியே ஓட்டினான். "ஒண்ணும் ஆகாது. ஒரு ஸ்கேன் பாத்துட்டா நிம்மதி. வரும்போது உனக்குப் பிரியாணி" என்றான். பின்சீட்டில் மருதாள் முணுமுணுவென்று மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சர்ர்... சர்ர்...

அன்புசெல்வி கண்ணை மூடினாள். வீடு எங்கேயோ பின்னால் போய்விட்டது. சுவர்கள் பின்னால் போய்விட்டன. சத்தம் அதே அளவில் இருந்தது.

கூடாமல். குறையாமல்.

ஸ்கேன் அறையில் ஏசி குளிர்ந்தது. மருதாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் புகை அசைந்தது.

"ஹார்ட் பீட் நல்லா இருக்கு" என்றார். "வெயிட்டும் கூடியிருக்கு. எதுக்குப் பயப்படறீங்க?"

மகுடேஸ்வரன் மூச்சை விட்டான்.

"முதுகுத்தண்டு பார்த்துடலாம்." கருவி நகர்ந்தது. வெள்ளை மணிகளைக் கோத்தது போல ஒரு வரிசை தெரிந்தது. வளைந்தது. எல்லாக் குழந்தைக்கும் வளைந்துதான் இருக்கும். டாக்டரம்மா தொடர்ந்து போனார். அது இன்னும் வளைந்தது. ஒரு சுற்று வந்தது. உள்ளுக்குள் இன்னொரு சுற்று.

அவர் கருவியை எடுத்து மறுபடி வைத்தார்.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க."

படுத்தாள்.

இன்னொரு சுற்று.

டாக்டரம்மாவின் கை நின்றது. அவர் திரையைத் தன் பக்கம் திருப்பப் போனார். அதற்குள் மகுடேஸ்வரன் முன்னால் குனிந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அன்பு, பாரு. கையை நீட்டுது."

நீண்டது. சுருளின் விளிம்பிலிருந்து மெல்லிய கோடு ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. மெதுவாக. தடவித் தடவி.

"டாட்டா காட்டுது பாரு நமக்கு."

விரல்கள் இல்லை.

ஒவ்வொரு நுனியிலும் ஒரு கறுப்புப் புள்ளி.

டாக்டரம்மா கருவியை இடப்பக்கம் நகர்த்தினார். இரண்டு புள்ளிகளும் இடப்பக்கம் திரும்பின. வலப்பக்கம் நகர்த்தினார். திரும்பின. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். திரையில் கடைசிப் படம் அப்படியே நின்றது. கதவுக்கு வெளியே மருதாள் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், கொழந்தைக்கு எலும்பெல்லாம் நல்லாப் புடிச்சிருக்குதுங்களா என்று. மகுடேஸ்வரன் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

வயிற்றில் இப்போது எந்தக் கருவியும் இல்லை. ஆனாலும் அன்புசெல்விக்குத் தெரிந்தது. உள்ளே, விலா எலும்புக்குக் கீழே, குளிர்ந்த இரண்டு நுனிகள் அவள் முகம் இருக்கும் பக்கமாக மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தன.