முந்நூறு ஜூல் மண்டை

தடால்!

இரும்புச் சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஓர் அலறல்...

"ஐயோ! கொல்றா!"

உல்லங்காங் பற்சக்கரத் தொழிற்சாலை மொத்தமும் சோதனைக்கூடத்துக்கு ஓடியது.

தரையில், தலையைப் பிடித்தபடி உற்பத்தி மேனேஜர் க்ளென் ப்ரௌஸ்! அவருக்கு மேலே, உருக்கை உடைத்துப் பார்க்கும் ராட்சசச் சுத்தியல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து முதலில் வந்து நின்றவள் வெஸ்னா. உருக்கைச் சோதிப்பவள்.

"இவதான்! சுத்தியல என் தலையில விட்டுட்டா!"

போலீஸ் சார்ஜென்ட் டொரீன் பாதி காபியோடு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, இவரு மேல என்ன கோவம்?"

"கோவம் அவருக்குத்தான்! மதியம் லாரி ஏற வேண்டிய சக்கரங்கள நான் ஃபெயில் பண்ணிட்டேன். சுரங்கத்துல ஆள இறக்குற வின்ச்சுக்குப் போற சரக்கு சார்ஜென்ட்... பிஸ்கட் மாதிரி உடையுது! நான் உள்ள போனா, வேற ஆள வெச்சு பாஸ் போட்டுருவாரு."

"நடிக்கிறா!" க்ளென் முனகினார். "புடிச்சிட்டுப் போங்க!"

டொரீன் சுத்தியலை அண்ணாந்து பார்த்தார்.

"இது அவ்ளோ பலமா?"

க்ளென் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். சரக்கைப் பற்றிக் கேட்டால் பாடையிலிருந்தும் எழுந்து விலை சொல்கிற ரகம்!

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! முந்நூறு ஜூல்! வழியில எது இருந்தாலும் உடைச்சிட்டு அந்தப் பக்கம் ஏறும். நல்ல உருக்கு நிறைய சக்தியக் குடிச்சிரும். மட்டமானது கம்மியாக் குடிக்கும்."

"எவ்ளோ குடிச்சதுன்னு எப்படித் தெரியும்?"

"அதோ, அந்த முள்ளு! சுத்தியல் தள்ளிவிட்ட இடத்துலயே நின்னு, குடிச்ச அளவக் காட்டும். பொய்யே சொல்லாது. நான் பாத்து வாங்குன மெஷினாக்கும்!"

"அடிபட்டப்புறம் அத யாராவது தொட்டாங்களா?"

"தொட விடுவேனா? சாட்சியாச்சே!"

டொரீன் முள்ளைப் பார்த்தார்.

பூஜ்யம்!

க்ளென்னும் பார்த்தார். தலையை மறுபடி பிடித்துக்கொண்டார்.

டொரீன் திரும்பினார். "வெஸ்னா... பூஜ்யம்னா என்னம்மா அர்த்தம்?"

"ரெண்டுல ஒண்ணு சார்ஜென்ட். சுத்தியல் யார் மேலயும் படல... சும்மா ஆட்டிவிட்டுட்டு அய்யா கீழ படுத்துட்டாரு. இல்லன்னா, நெசமாவே மண்டையில பட்டுச்சு... அங்க இருந்தது வெறும் காத்து!"

டொரீன் வாசலைப் பார்த்துக் கத்தினார். "அந்த லாரிய நிறுத்துங்க!"

பிறகு விலங்கை எடுத்தார்.

"கோர்ட்டுல எதச் சொல்லலாம் க்ளென்? ரெண்டுல உங்களுக்கு எது கௌரவமோ, அத எடுத்துக்குங்க!"