அட்டையில் வெட்டிய இரண்டு ஜன்னல்

செவ்வாய்க்கிழமை காலை ஜீவனஹள்ளியில் அன்னம்மாளின் வீட்டுக் கதவை இரண்டு பெண்கள் தட்டியபோது, முன்னறையில் பக்கத்து வீட்டு முனிராஜ் இரண்டாவது காபியில் இருந்தார். மின்சார இலாகாவில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும், வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பள்ளிப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். அன்னம்மாள் அப்படியில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை விசாரிப்பதே அவள் வேலையாக இருந்தது; ஓய்வு பெற்ற பிறகும் சிக்கல் என்றால் தெரிந்தவர்கள் அவளைத் தேடி வருவார்கள், முனிராஜ் கூடவே கிளம்புவார். எத்தனையோ பொய்களைக் கேட்டும் மனிதர்கள் மேல் அவளுக்கு வெறுப்பு வரவில்லை. அது கடவுள் தனக்குக் கொடுத்த வரம் என்று நம்புகிறவள்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றாள்.

வந்தவர்களில் கண்ணாடி போட்டவள் லாவண்யா. எழுத்துரு வரைபவள். கம்ப்யூட்டரிலும் போனிலும் நாம் படிக்கிற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றாக உருவம் வரைகிற வேலை. மற்றவள் ஆஞ்சலா, பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். இருவரும் ஆறு வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். அன்னம்மாள் காபி கொண்டுவந்தபோது, ஆஞ்சலா பால் சேர்க்க மாட்டாள் என்று லாவண்யாதான் சொன்னாள்.

"விட்டுடலாம்னு நான் சொன்னேன் ஆன்ட்டி" என்றாள் ஆஞ்சலா. அழுது முகம் வீங்கியிருந்தது. "இவதான் கேக்கல."

லாவண்யா பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தாளை அவள் தொடவில்லை.

விஷயம் இதுதான். அவள் வேலை செய்யும் ஸ்டுடியோ, காக்ஸ் டவுனில் ஒரு கண்காட்சி நடத்துகிறது. எழுத்துருக்களை வரைந்தும் பெயர் வெளியே வராமல் போன பெண்களையும், யாரென்று சொல்லிக்கொள்ள முடியாமல் வாழ்ந்தவர்களையும் பற்றியது. சனிக்கிழமை திறப்பு. அன்றே லாவண்யா வரைந்த 'எல்லம்மா' என்ற தமிழ் எழுத்துருவும் வெளியாகும். அதற்காக ஓர் அறக்கட்டளை அவளை இரண்டு வருடம் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறது. அந்த நேரத்தில் அறக்கட்டளைக்கும் ஸ்டுடியோவுக்கும் இந்த மொட்டைக் கடிதம் வந்திருந்தது.

அன்னம்மாள் தாளைப் பிரித்தாள். முனிராஜ் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கையால் எழுதியதுபோல் வளைந்து நெளிந்த அச்செழுத்து.

'லாவண்யா வரைந்ததாகச் சொல்லும் எழுத்து அவள் வரைந்தது அல்ல. முதல் படங்களை வரைந்தவர் வேறொருவர். படங்களின் மூலையில் அவர் கையெழுத்தே இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.'

கீழே தனி வரியில் ஓர் ஆணின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. அதில் ஒரு ஹ-வும் ஒரு ஷ-வும் உண்டு என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

"யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டார் முனிராஜ்.

லாவண்யா தாளைப் பார்க்காமலே சொன்னாள். "நான்தான் சார். வேலூர்ல காலேஜ் படிக்கறப்போ எனக்கு இருந்த பேரு அது. நான் லாவண்யாவா ஆனதுக்கு அப்புறம் அந்தப் பேரை நான் படிக்கறதில்ல. இந்தத் தாளைக்கூட அந்த வரிக்கு மேல நிறுத்திட்டேன்."

முனிராஜுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ 'நான்தான் வரைஞ்சேன்'னு நிரூபிக்கணும்னா, நீ யாருன்னு ஊருக்கே சொல்லணும்" என்றாள் அன்னம்மாள் மெதுவாக. "சொல்லலன்னா, திருடின்னு பேரு. எழுதினவங்களுக்கு உன்னை நல்லாத் தெரிஞ்சிருக்கு. நீ சொல்ல மாட்டே, பேசாம விலகிடுவேன்னு நம்பி எழுதியிருக்காங்க. இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஸ்டுடியோ நடத்துற நிருபமா மேடத்துக்கு. நான் இன்டர்வியூக்குக் கொண்டுபோன பழைய படங்கள் அவங்க பீரோவுலதான் இருக்கு. கன்னட எழுத்து வரையற ஷ்ரேயாஸ் அந்தப் படங்களைப் பார்த்திருக்கான். கையெழுத்தையும் பார்த்திருப்பான். நான் போகலன்னா, அவனைத்தான் அனுப்புவாங்க." நிறுத்தி, ஆஞ்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் இவ. இவளை விடுங்க. என் ஆபரேஷன் அப்போ ஆஸ்பத்திரியில துணைக்கு என் பக்கத்துலயே படுத்துக் கிடந்தவ."

கிளம்பும்போது ஆஞ்சலா ஒரு தாளை நீட்டினாள். "மாதா திருவிழாவுக்கு எங்க வீட்ல ஜெபக்கூட்டம் ஆன்ட்டி. வாங்க. நோட்டீஸ் நானே அடிச்சேன்."

'அனைவரும் சந்தோஷமாக வாருங்கள்' என்று அதில் பெரிய, தெளிவான எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமலே முனிராஜுக்குப் படிக்க முடிந்தது. "இந்த ஷ-வுக்கு மட்டும் என்ன வாலு இவ்ளோ நீளம்? மாடு ஈ ஓட்டற மாதிரி" என்று சிரித்தார். லாவண்யாவும் லேசாகச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

*

மறுநாள் இருவரும் கண்காட்சிக் கூடத்துக்குப் போனார்கள். சுவர்களில் பழைய புகைப்படங்கள். வெளிநாட்டு அச்செழுத்துக் கம்பெனிகளின் வரைபட அறைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழிகளின் எழுத்துகளைக்கூட மயிரிழை பிசகாமல் வரைந்துகொண்டிருந்தார்கள். படங்களின் அடியில் கம்பெனியின் பெயர் இருந்தது. மேலதிகாரியின் பெயர் இருந்தது. பெண்களின் பெயர் இல்லை.

"தேடித் தேடி சில பேரைக் கண்டுபிடிச்சோம். மத்தவங்களுக்கு வெறும் கட்டம் போட்டு வெச்சிருக்கோம்" என்றாள் நிருபமா. நரைத்த தலை, கதர்ச் சேலை, தூங்காத கண்கள். "இத்தனை சுவருக்கு நடுவுல என் ஸ்டுடியோவுலயே ஒருத்தியோட பேரு போகுது. அந்தப் படங்களை யார் வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அவ சொல்லச் சொல்லாம நான் வாயைத் திறக்க மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கேன்."

"லாவண்யா உங்களையும் சந்தேகப்படறா."

"படட்டும். அவ இடத்துல நான் இருந்தா நானும் படுவேன்."

ஏணிமேல் நின்று பலகை மாட்டிக்கொண்டிருந்த ஷ்ரேயாஸ் இறங்கி வந்தான். முனிராஜ் பெருமையோடு தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். 'முனிராஜ், துப்பறியும் உதவி' என்று சொந்தச் செலவில் அடித்தது. அன்னம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஷ்ரேயாஸ் கார்டை வாங்கியதும் முகத்தைச் சுளித்தான். "என்ன சார் இது? பேருக்கு ஒரு ஃபான்ட், கீழ வேற ஃபான்ட். ரெண்டும் சண்டை போடுது. இதைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு எப்படி சார் தூங்கறீங்க?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்களுக்குத் தெரியாது சார். எனக்குப் பல்லுல கல்லு மாட்டின மாதிரி." பிறகு அவனே சொன்னான்: "அவ போகலன்னா நான் போறேன், நிஜம்தான். அதுக்காக நான் எழுதல. அந்த லெட்டரை நான் பாத்ததுகூட இல்ல. மேடம் காட்டல."

கோடிச் சுவரில் 'எல்லம்மா' எழுத்துருவின் எல்லா எழுத்துகளும் ஆள் உயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தன. அன்னம்மாள் அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு விரலால் ஓர் எழுத்தைத் தொட்டாள்.

"இந்த ஷ-வோட வாலு இங்க அடக்கமா இருக்கே?"

"முதல்ல நீளமா இருந்துச்சு மேடம். அடுத்த எழுத்துமேல போய் இடிக்குதுன்னு அவதான் குறைச்சா. பழைய வடிவம் இங்க எந்த மெஷின்லயும் இல்ல. போன வருஷமே அவளே துடைச்சுட்டா. ரெண்டு வடிவம் கலந்தா பெரிய ரகளை."

வெளியே வந்ததும் முனிராஜ் சொன்னார்: "பையன்தான். சந்தேகமே இல்ல."

"அவன் இல்லண்ணா" என்றாள் அன்னம்மாள். அவள் முகம் வாடியிருந்தது. "அவனா இருந்தா நல்லாயிருக்கும். அந்தப் பொண்ணுக்கு வலி குறைச்சலா இருக்கும்."

*

வெள்ளிக்கிழமை மாலை, சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அன்னம்மாள் ஓர் அட்டையை எடுத்து அதில் பிளேடால் இரண்டு சின்னச் சதுரம் வெட்டினாள். எதற்கு என்று முனிராஜ் கேட்டதற்கு, "கூடத்துக்கு வாங்கண்ணா, அங்க சொல்றேன்" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். நிருபமா, ஷ்ரேயாஸ், லாவண்யா. லாவண்யாவுக்குத் துணையாக வேலைக்கு லீவு போட்டு ஆஞ்சலாவும் வந்திருந்தாள். அன்னம்மாள் அட்டையைக் கடிதத்தின் மேல் வைத்தாள். இரண்டு ஜன்னல் வழியாக இரண்டே எழுத்துகள் தெரிந்தன. மற்றதெல்லாம் மறைந்துவிட்டது.

"பேரைப் படிக்க வேண்டாம்மா, லாவண்யா. இது ஒரு ஹ, இது ஒரு ஷ. எழுத்தா மட்டும் பாரு. இது யார் வரைஞ்சது?"

லாவண்யா குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என்னோடது" என்றாள். "இது நான் வரைஞ்சது. பழைய வடிவம்."

"எப்படி?" என்றார் முனிராஜ். "லெட்டர் பூரா கோணல்மாணல் எழுத்துதானே?"

"அதான் விஷயம்" என்றாள் அன்னம்மாள். "அன்னைக்கே பார்த்தேன், இந்த ரெண்டு எழுத்து மட்டும் நேரா, கனமா நின்னுச்சு. ஷ்ரேயாஸ், காரணத்தை நீயே சொல்லு."

ஷ்ரேயாஸ் தாளை எட்டிப் பார்த்தான். "சும்மா கிடைக்கற கையெழுத்து ஃபான்ட் மேடம் இது. நிறையதுல ஹ, ஷ மாதிரி எழுத்தெல்லாம் வரையாமலே விட்டிருப்பாங்க. இல்லாத எழுத்தை மெஷின் வேற ஃபான்ட்லருந்து எடுத்து அதுவா ஒட்டிக்கும்." சற்று யோசித்தான். "அப்போ இதை அடிச்ச மெஷின்ல எல்லம்மாவோட பழைய வடிவம் இருக்கணும்."

"உன் கண்ணுல பட்டிருந்தா இப்படியே விட்டிருப்பியா?"

"ஐயோ, உயிரே போயிருக்கும்."

"இதை அடிச்சவங்களுக்கு அது தெரியவே இல்ல. அதனால இது எழுத்து வரையறவங்க கை இல்ல. நிருபமாம்மாவும் இல்ல, இங்க எந்த மெஷின்லயும் பழைய வடிவம் கிடையாது. அப்போ..." அன்னம்மாள் பையிலிருந்து ஜெபக்கூட்ட நோட்டீஸை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள். சந்தோஷத்தின் நடுவிலிருந்த ஷ-வும், ஜன்னலுக்குள் தெரிந்த ஷ-வும் ஒரே வாலை நீட்டிக்கொண்டிருந்தன.

 லாவண்யா ஆஞ்சலாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டீஸைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கூட்டத்துக்கு வர்ற ஜோசஃபின் அம்மாவுக்குக் கண்ணு மங்கல். பாட்டு படிக்க முடியலன்னு சொன்னாங்க. பெரிய எழுத்தா வேணும்னு நீதானே கேட்டே ஆஞ்சலா? உன் லேப்டாப்ல நான்தான் போட்டுக் கொடுத்தேன். தமிழ்னா முதல்ல அதுதான் வரணும்னு அமைச்சும் கொடுத்தேன்."

ஆஞ்சலா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நீ யாருன்னு நான் சொல்லலையே லாவி. ஒரு வார்த்தைகூட எழுதல. நீ பேசாம விலகிடுவேன்னு நினைச்சேன். அவ்வளவுதான். எல்லாம் பழையபடி ஆயிடும்னு..."

"எது பழையபடி ஆகும்?"

"ரெண்டு வருஷம்னு சொல்றே. நீ திரும்பி வர மாட்டே. எங்க அண்ணன் வீட்ல என்னைச் சேத்துக்க மாட்டாங்க. கல்யாணமும் வேணாம்னுட்டேன். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் லாவண்யா. குரல் உயரவில்லை. "போகாதேன்னு சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருப்பேன். சேர்ந்து போக வழி பாத்திருப்பேன். உலகத்துல அந்தப் பேரை உன்கிட்ட மட்டும்தான் நானா வாய் திறந்து சொன்னேன். மயக்க மருந்து தெளியற நேரத்துல, பயமா இருக்குன்னு. அதையா எடுத்தே?"

முனிராஜ் பல வீடுகளில் ஃபியூஸ் போய் இருட்டானதைப் பார்த்தவர். ஒரு முகத்தில், லாவண்யாவின் முகத்தில், அப்படி ஆனதை அன்றுதான் பார்த்தார். வழக்கு முடிந்த சந்தோஷம் அவருக்கு வரவே இல்லை.

லாவண்யா நிருபமாவிடம் போனாள். "மன்னிச்சுக்குங்க மேடம். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்." பிறகு ஷ்ரேயாஸிடம் திரும்பினாள். "அந்தப் படங்களை வரைஞ்சது நான்தான். அப்போ எனக்கு வேற பேரு. ஆம்பளைன்னு சொல்லி வளர்த்தாங்க. நாளைக்கு எல்லார்கிட்டயும் நானே சொல்லப்போறேன். அந்தப் பேரை மறைச்சு வெக்கறதுக்காக என் எழுத்தை இல்லாத ஒரு ஆம்பளைக்குக் கொடுக்க முடியாது. இந்தச் சுவத்துல ஏற்கெனவே நிறைய கட்டம் காலியா இருக்கு."

ஷ்ரேயாஸ் தலையைச் சொறிந்தான். "சரி. அப்போ நான் போகலையா? சூட்கேஸ் வேற வாங்கிட்டேன். இரு, அதை நீயே எடுத்துட்டுப் போ. சக்கரம் நல்லா ஓடுது."

அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

போகும்முன் அவள் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஆஞ்சலாவின் பக்கத்திலிருந்த மேஜையில் வைத்தாள். ஆஞ்சலா தழுதழுத்தாள். "அந்த எழுத்தை என் லேப்டாப்லருந்து எடுத்துடு லாவி. அதை வெச்சுக்க எனக்கு யோக்கியதை இல்ல."

"இருக்கட்டும்" என்றாள் லாவண்யா. "ஜோசஃபின் அம்மா ஞாயித்துக்கிழமை எதைப் பார்த்துப் பாடுவாங்க?"

அன்றிரவு அவள் அன்னம்மாளின் முன்னறையில் படுத்துக்கொண்டாள்.

*

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. லாவண்யா சுருக்கமாகப் பேசினாள். முடித்தபோது முதலில் எழுந்து நின்றது அறக்கட்டளைத் தலைவர் அல்ல, பின்வரிசையில் இருந்த முனிராஜ்தான். அவர் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். கோடிச் சுவரில் 'எல்லம்மா' என்ற பெயரின் கீழ், 'வரைந்தவர்: லாவண்யா' என்ற பலகை நேராகத் தொங்கியது. ஷ்ரேயாஸ் அதை மூன்று தடவை சரிபார்த்திருந்தான்.

வெளியே மழை தூறியது. எதிர்ச்சாரியில் மூடிய கடை வாசலில், குடை இல்லாமல் ஆஞ்சலா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, போய்விடவும் இல்லை. லாவண்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் முகம் இளகவில்லை.

சற்று நேரம் கழித்து டீ மேஜையிலிருந்து ஒரு கப்பை எடுத்து முனிராஜிடம் கொடுத்தாள்.

"அங்க கொடுத்துட்டு வந்துடுங்க சார். நான் கொடுத்தேன்னு சொல்ல வேணாம்."

முனிராஜ் சாலையைக் கடந்தார். பாதி வழியில் கப்பைப் பார்த்தார். மேஜையிலிருந்த மற்ற டீயெல்லாம் பால் கலந்தது. இது மட்டும் பால் விடாதது, இஞ்சி மிதந்தது, யாரோ தனியாகப் போட்டது.

ஆஞ்சலா கப்பை வாங்கி முகர்ந்து பார்த்தாள். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை.