அடைச்சாச்சு

காலை ஆறு பத்துக்குத் தண்ணீர் வரும். ஆறு ஒன்பதுக்கே வர்ஷினி தன் கணவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர் வலது கையில் பிரஷ், இடது கை குழாயின் மேல். அவளுடைய கை அதற்கு ஒரு சாண் தள்ளித் தயாராக இருக்கும். ஒரு டம்ளர் பிடிக்க ஆறு விநாடி போதும். நாற்பது விநாடிக்குமேல் ஓடினால் குழாய்க்குள் பொருத்தியிருக்கும் நீர்ச்செவி விழித்துக்கொண்டு பதிவு செய்யத் தொடங்கிவிடும்.

"அடைச்சியளா?" என்று கேட்டாள்.

"அடைச்சாச்சு" என்றார் ஹரிஷ், பிரஷைத் தொட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டே. குழாய் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அடைத்தாள்.

டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி இது. குழாயை அடைக்க வேண்டும், அடைத்ததை வாயால் சொல்ல வேண்டும். தினமும் சொல்லச் சொல்ல மறதி நோயாளிக்கும் பழகிவிடும் என்றார். ஒரு வருடத்தில் வாய் மட்டும் பாடத்தைப் படித்துக்கொண்டது, கை படிக்கவில்லை. புதிதாகக் கற்றது முதலில் போகும், சின்ன வயதில் கை பழகியது கடைசியில்தான் போகும் என்று அதே டாக்டர் பிறகு சொன்னார். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஹரிஷின் சின்ன வயதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, அடைக்கும்வரை வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் பல் துலக்கி முகம் மழித்து முடிக்கும்வரை குழாயை ஓடவிட்டார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தெருவில் கொட்டும்போது எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் எழுந்து போனார்கள். சுத்திகரிப்புக் கருவி ஒரு குடம் நல்ல தண்ணீர் தர இரண்டு குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பியது. அதை ஒரு வாளி வைத்துப் பிடித்தால் வீடு துடைக்க ஆகுமே என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. இப்போது கோவில்பட்டியில் ஆளுக்கு நாளைக்குப் பதினெட்டு லிட்டர். அதுவும் காலையில் ஒரு தடவை, பகல் பதினொன்றுக்கு ஒரு தடவை, வரும் இருபது நிமிடத்துக்குள் பிடித்துக்கொண்டால் உண்டு.

தண்ணீரை வீணாக்கியதாக ஹரிஷ் பேரில் ஏற்கெனவே இரண்டு சான்று விழுந்திருந்தது. முதல் தடவை நடந்தபின் அவள் குழாயின் கைப்பிடியைக் கழற்றி ஒளித்து வைத்தாள். தீப்பெட்டி ஆலையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்த மனிதர், குறடு போட்டுத் திருகித் திறந்துவிட்டார். திறந்ததை அடைக்கத் தெரியவில்லை. அது இரண்டாவது சான்று. நீர்க்காப்பு வாரியம் பூட்டு போடவும் விடாது, தனி வால்வு வைத்தால் தண்ணீர் பதுக்குகிறார்கள் என்று வழக்கு. மூன்றாவது சான்று விழுந்தால் உலர்மனைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். குழாயே இல்லாத கட்டடம் அது. போனவர்கள் திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

கேள்விப்படாமல் இருக்க வாய்ப்பும் இல்லை. அந்த வாரியத்தில்தான் பதினொரு வருடமாகச் செவியர் வேலை அவளுக்கு.

எட்டு மணிக்கு எதிர்வீட்டு அஃப்ரினிடம் சாவியைக் கொடுத்தாள். அஃப்ரினின் மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது.

"பிள்ளைய குளிப்பாட்டுத வேலை ஒன்னு கெடக்கு" என்றாள் அஃப்ரின். "நடுவுல நடுவுல வந்து எட்டிப் பாத்துக்கிடுதேன். நீ போ."

அலுவலகத்தில் வேலை இதுதான்: காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீர்ச்செவிகள் அனுப்பும் பதிவுகளைக் கேட்க வேண்டும். முகவரி இருக்காது, எண் மட்டும். பேச்சை வடிகட்டி வெறும் முணுமுணுப்பாக ஆக்கியிருப்பார்கள். கேட்டுவிட்டு இரண்டு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்று 'குழாய்ப் பழுது'. மற்றது 'கைப்பழக்கம்'. தண்ணீர் தானாக ஒழுகுகிறதா, ஒரு ஆள் நின்று வீணாக்குகிறாரா என்று கருவியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு மனிதக் காது வேண்டியிருந்தது. வர்ஷினியின் காது ஒருதடவையும் தவறியதில்லை என்று அலுவலகத்தில் பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மதியம் பதினான்காவது பதிவைப் போட்டாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம். பிறகு விளிம்பில் இரண்டு தட்டு. தொண்டை கரகரக்கக் கொப்பளிப்பு. இன்னும் தண்ணீர். நான்கு நிமிடம் கழித்து ஒரு முணுமுணுப்பு, சொல் கலைந்து தாளம் மட்டும் மிச்சமிருந்தது. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியாதா? தினமும் காலையில் அவள் கேட்டு வாங்கும் பதில்தானே.

பக்கத்து இருக்கையில் ஒருவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வர்ஷினி 'குழாய்ப் பழுது' என்பதை அழுத்தினாள்.

ஆட்கள் வருவார்கள், வீட்டுக் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தாள். பதினொரு வருடம் பொத்தானை அழுத்தியவள், அழுத்திய பிறகு தெருவில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். வீட்டுக் குழாயில் பழுது இல்லை. அப்படியானால் கசிவு தெருக்குழாயில்தான் இருக்க வேண்டும், செவியர் சான்று தவறாது என்றார்கள். கசிவு கிடைக்கும்வரை தெருவின் வால்வை மூடினார்கள். பதினேழு வீட்டுக்கும் தண்ணீர் நின்றது. ஆளுக்கு நாளைக்கு ஒரு லிட்டர் பை கொடுத்துவிட்டுத் தெருவைத் தோண்டத் தொடங்கினார்கள். நாற்பது நாள் ஆகாத பிள்ளைக்குத் தனிப் பை கிடையாது. தாய்ப்பாலில் வந்துவிடும் என்பது விதி.

முதல் நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. இன்று முடித்துவிடுவார்கள் என்று இருந்தாள். இரண்டாம் நாள் தன் பையில் பாதியைக் கொண்டுபோய் அஃப்ரினிடம் கொடுத்தாள். அஃப்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்ப நீ" என்றாள்.

மூன்றாம் நாள் மதியம் அஃப்ரின் அவளைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"பிள்ள ஒன்னுக்குப் போயி ஒரு நாளாவுது. அவளுக்குப் பால் சுத்தமா நின்னுபோச்சு" என்றாள். "நீ வந்து காது வச்சுப் பாரு. எங்க ஒழுகுதுன்னு உனக்குத் தெரியாமலா போவும்? அவனுங்க குருட்டாம்போக்குல தோண்டுதானுங்க."

தெருவில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் போட்டிருந்தார்கள். பொறியாளர் ஒருவர், சின்ன வயதுக்காரர், அவளைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தார். "நீங்களே வந்துட்டீங்களாம்மா? சோதனைக்கு ஒரு நிமிஷம் தண்ணி விடுதோம். கேட்டுச் சொல்லுங்க."

அவள் பள்ளத்துக்குள் இறங்கி, முழங்காலிட்டு, குழாயில் காதை வைத்தாள். தெரு முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வால்வைத் திறந்தார்கள். தண்ணீர் வந்து நிறைந்து நின்றது. ஓட்டையில்லாத குழாயில் தண்ணீர் நிற்பது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

எங்காவது ஒரு இடத்தைக் கைகாட்டினால் போதும். அங்கே தோண்டப் போவார்கள். இன்னும் ஒரு நாள் அவர் வீட்டில் இருப்பார். அவள் தலையைத் தூக்கினாள். வாசலில் ஹரிஷ் பிரஷோடு நின்று பள்ளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வாசலில் அஃப்ரினின் மகள் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். பிள்ளை வாயைத் திறந்து அழுதது, சத்தம் வரவில்லை. இந்தக் காதுக்கே கேட்கவில்லை.

"கசிவு இல்ல சார்" என்றாள் வர்ஷினி. "குழாய் நல்லாத்தான் இருக்கு. அது எங்க வீட்டுக்காரர் கை."

அஃப்ரின்தான் முதலில் கேட்டாள். "மூணு நாளாவா உனக்குத் தெரியும்?"

அன்றைக்குப் பிறகு அஃப்ரின் அவளிடம் பேசவில்லை.

பொறியாளர் கைக்கருவியை அவளிடம் நீட்டினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, முகத்தைப் பார்க்கவில்லை. "பதிவைத் திருத்தாம வால்வைத் திறக்க முடியாதும்மா. நீங்க போட்டது, நீங்கதான் திருத்தணும்." அவள் பள்ளத்துக்குள் நின்றபடியே 'கைப்பழக்கம்' என்பதை அழுத்தினாள். பத்து நிமிடத்தில் பதினேழு வீட்டிலும் தண்ணீர் வந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. ஹரிஷ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி தலை சீவிக்கொண்டார். "குடை எடுத்துக்கணுமா வர்ஷா? மழை வந்தாலும் வரும்" என்றார்.

"வேண்டாங்க" என்றாள்.

வேலையிலிருந்து அவளை நீக்கவில்லை. நல்ல காது கிடைப்பது அரிது, தவறைத் தானே திருத்திக்கொண்டதும் நேர்மைதான் என்று எழுதி ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் மறுபடியும் பதிவுகளைக் கேட்டாள். பொத்தான்களை அழுத்தினாள்.

நாற்பது நாள் கழித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. மூடிப்போன ஒரு நூற்பாலையை உலர்மனை ஆக்கியிருந்தார்கள். குடிக்க வேளைக்கு ஒரு பை, உடம்பு துடைக்க ஈரத்தாள். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். நீளமான கூடத்தின் சுவரில் இடுப்பு உயரத்தில் வரிசையாக வட்ட வட்டமாக அழுக்கு படிந்திருந்தது. கைபட்டுக் கைபட்டுப் பளபளத்த அழுக்கு.

"வருசத்துக்கு ரெண்டு தடவ வெள்ளை அடிக்கோம்" என்றார் கூட்டிப்போன பணியாளர். "திரும்பத் திரும்ப வந்துருது. என்ன செய்ய?"

கிழவர்களும் கிழவிகளும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். ஒரு பெண் மூக்கால் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டே, இல்லாத பாத்திரத்தை இல்லாத தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். வர்ஷினி நின்றுவிட்டாள். அந்த ராகம் தெரிந்த ராகம். மூன்று வருடம் முன்னால் ஒரு திங்கட்கிழமை, காதில் மாட்டிக் கேட்டு, சந்தேகமே இல்லாமல் பொத்தானை அழுத்திய ராகம். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. தாண்டிப் போனாள்.

ஹரிஷ் ஜன்னலோரம் நின்றார். மெலிந்திருந்தார். கை சுவரில் இருந்தது. வலப்பக்கமாகத் திருகினார், எடுத்தார், மறுபடி வைத்து வலப்பக்கமாகத் திருகினார். வீட்டில் இருந்தவரை ஒருநாளும் செய்யாதது. அவர் திறக்கவில்லை, அடைத்துக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சதுல இருந்து இதான் வேலை" என்றார் பணியாளர். "தூங்குத நேரம்தான் கையைக் கீழ விடுதாரு."

ஹரிஷ் அவளைப் பார்த்தார். பேர் ஞாபகம் வரவில்லை போலிருந்தது, ஆனால் ஆளைத் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அடைச்சாச்சு" என்றார். "வேணும்னா நீயே பாரு. நான் அடைச்சிட்டேன்ல?"

"அடைச்சிட்டீங்க" என்றாள்.

"அப்போ வீட்டுக்குப் போவமா?"

அவள் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை முழுக்கச் சுண்ணாம்பு. பணியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பொய்தான் அவள் வாயில் வந்தது.

"இன்னும் லேசா ஒழுகுதுங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.