கடலோர மாவட்டங்களுக்கு மட்டும்

சித்திரை வெயிலில் உப்பு கரைந்திருந்தது.

பரிபூரணம் சாடியைத் தூக்கிவந்து கணவரின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். முந்தின நாள் நிரப்பிய கல்லுப்பு கலங்கல் தண்ணீராகக் கிடந்தது. ராஜபாளையத்தில் அந்த மாதம் பல கிணறுகளில் தண்ணீர் இல்லை. அவர்கள் வீட்டு உப்புச் சாடியில் இருந்தது.

"தீப்பெட்டியும் நமத்துப்போச்சு. ஒரு குச்சி பத்த மாட்டேங்கு. ஊருக்கே வானத்தப் பத்திச் சொல்லுதீகளே, நம்ம அடுப்படிக்கு என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"காத்துல ஈரப்பதம்," என்றார் சங்கரலிங்கம்.

சொன்ன பிறகுதான் எங்கே கேட்ட வார்த்தை என்பது உறைத்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால ரேடியோவில் தென் கடலோர மாவட்டங்களுக்கான வார வானிலை படித்தார்கள். வாரத் தொடக்கத்தில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். நடுவில் கடலிலிருந்து பலத்த காற்று வீசும். வார இறுதியில் கடல் கொந்தளிக்கும். தாழ்வான இடங்களில் கடல்நீர் புகலாம்.

மலையடிவாரத்து ஊர் அது. கடலைப் பார்க்க வேண்டுமானால் அரைநாள் பஸ்ஸில் போக வேண்டும்.

சங்கரலிங்கம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் பேண்டேஜ் துணி வெளுக்கும் கொட்டகை வைத்திருந்தார். காயத்தில் சுற்றும் துணி என்பதால் தன்னைப் பாதி டாக்டராக நினைத்துக்கொண்டார். மீதிப் பாதி வானிலை நிபுணர். உடைத்த கப்பலின் சாமான்களோடு தூத்துக்குடியில் விலைக்கு வந்த பித்தளைக் காற்றழுத்தமானி அவர் கூடத்துச் சுவரில் தொங்கியது. வாங்கிய நாள் முதல் அதன் முள் அசைந்ததில்லை. அதைப் பழுது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, நிதானம் என்றார். 'வானிலைச் செம்மல்' என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்த மன்றத்துக்கு அவரே தலைவர். பொன்னாடையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

திங்கள்கிழமை தோறும் கொட்டகை மாடியில் நின்று, ரேடியோ சொன்னதைத் தன் திருத்தங்களோடு மைக்கில் வாசிப்பார். கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை போடுவார்கள். வேலுத்தாய் மட்டும் கைவேலையை நிறுத்திவிட்டு, குழாய் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். "அவிய சொன்னா அம்புட்டும் நடக்கும்ட்டி," என்பாள் பக்கத்தில் நிற்பவளிடம். ஊரில் அவரை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

போன ஐப்பசியில் ரேடியோ கடலோரத்துக்கும் மலையோரத்துக்கும் சேர்த்தே கனமழை என்றது. லாரி ஏற வேண்டிய துணி ஈரமாகக் கிடந்தது. சங்கரலிங்கம் மலையோரத்தை விழுங்கிவிட்டார். "மழை கடலோர மாவட்டங்களுக்கு மட்டும். கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்?" என்று மைக்கில் சிரித்தார். பெண்கள் துணியைக் காயவைக்க மணல் ஓடைக்குள் இறங்கினார்கள்.

கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது. ஈரத்துணியின் இரண்டு முனையிலும் ஆள் நின்று, தரை படாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். மைக்கில் 'விடு' என்று வந்தால்தான் கையை எடுக்கலாம். மண் பட்ட துணி ஆஸ்பத்திரிக்கு ஆகாது. மலைத்தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தபோது மற்றவர்கள் துணியைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். வேலுத்தாய் ஸ்பீக்கரைப் பார்த்தபடி நின்றாள். மாடியில் மைக்கைப் பிடித்திருந்தவர் துணியைப் பார்த்தபடி நின்றார்.

அவளும் கிடைக்கவில்லை, துணியும் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் சங்கரலிங்கம், "எச்சரிச்சேன் சார். அவ கேக்கல," என்றார். ஊரும் அப்படியே சொல்லத் தொடங்கியது. சொன்ன பேச்சைக் கேளாதவள்.

புதன்கிழமை காற்றழுத்தமானியின் முள் இறங்கியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கிழவன் படியிறங்குவதுபோல நின்று நின்று இறங்கியது. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. உள்ளே காலண்டர் தாள்கள் படபடத்தன. கொடியில் கிடந்த வேட்டி கிடைமட்டமாக எழுந்து நின்றது. மீன்செதிலும் அழுகிய பாசியும் ஈரக்கயிறும் கலந்த ஒரு வாடை சமையலறை வழியாக வந்து அவர் முகத்தில் அறைந்து, பூஜை அறைக்குள் போய் விளக்கை அணைத்தது. பரிபூரணம் பெட்டியில் நாலு சேலையை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

அவரும் அடுத்த பஸ்ஸில் போனார். மனைவியின் துணைக்கு என்று மைத்துனரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தில் கொஞ்சம் தைரியம் வந்து, பகலிலேயே கட்டிலில் சாய்ந்தார். செத்த நேரத்தில் பால் மணம் போய்விட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. பாயில் அவர் படுத்த இடம் மட்டும் ஆள் அளவுக்கு நனைந்திருந்தது. நக்கிப் பார்த்தார். கரித்தது.

மைத்துனர் பாயைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். "வயசானா இப்படித்தான் அத்தான்," என்று மெதுவாகச் சொன்னார். வானிலைச் செம்மலுக்கு இதற்கு மேல் அங்கே தங்க முடியவில்லை.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்கு வந்தார். ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். மேஸ்திரி தவசிமுத்து மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"ஒங்க சட்டையில உப்புப் பூத்திருக்கு மொதலாளி."

"வேர்வைலே."

"வேர்வ இப்படி நாறாது." தவசிமுத்து சாவியை அவர் கையில் கொடுத்தான். "அன்னைக்கு நானும் கரையிலதான நின்னேன். மைக்குல உண்மையச் சொல்லிருங்க. சொல்லிட்டு, அந்த ஒரு வார்த்தையும் சொல்லிருங்க. அவ அதுக்குத்தான் நிக்கா."

"எவ நிக்கா?"

"பொறவு பாப்போம். நான் போறேன்," என்று சைக்கிளை எடுத்தான். ஓடைப் பக்கம் திரும்பாமல் மிதித்தான்.

சங்கரலிங்கம் மாடி ஏறினார். தொலைவில் மலை கறுத்துக் கிடந்தது. காய்ந்த ஓடை மணல் இன்னும் அனலடித்தது. ஆனால் அதற்கு அடியில் எங்கோ ஒரு பெரிய இரைச்சல், மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஆளில்லாத கொட்டகை. கேட்க யாருமில்லை. மானம் போகாது, உயிர் மிஞ்சும்.

மைக்கைத் தட்டினார். ஊதினார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு பெரிதாகி ஓடைமேல் போனது.

"அனைவருக்கும் வணக்கம். வானிலைச் செம்மல், பேண்டேஜ் துணி உற்பத்தியாளர் நலமன்றத் தலைவர் சங்கரலிங்கம் பேசுகிறேன்."

இரைச்சல் நின்றது. ஏதோ ஒன்று, கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதுபோல.

"சென்ற ஐப்பசியில் நமது கொட்டகையில் நடந்த துயரச் சம்பவம் குறித்து... நான் தக்க எச்சரிக்கை விடுத்தும்..."

நாக்கு பழகிய வழியில் போய்விட்டது.

மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது.

தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டக் கையைத் தூக்கினார். கையில் ஈரத்துணி.

மெல்லிய துணி. ஐப்பசிச் சேறு இன்னும் போகாத துணி. முனை அவர் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. மீதி, படி வழியே இறங்கி, முற்றத்தைத் தாண்டி, ஓடையின் இருட்டுக்குள் போனது. தொய்வாக.

பிறகு விறைத்தது.

அந்த முனையில் ஆள் இருந்தது. நன்றாக வேலை தெரிந்த ஆள். தரை படாமல், கோணாமல், அளவாக இழுத்தது.

விரலைப் பிரித்தார். பிரியவில்லை.

"விடு," என்றார். பிறகு கத்தினார். "விடு."

வெறும் வாயால் சொன்னது. மைக்கில் வந்தால்தான் செல்லும். அவர் போட்ட சட்டம்.

கீழே தண்ணீர். ஓடையிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. முதல் படி. அடுத்த படி. உப்பு வாடை. ஒரு மீன் முற்றத்து விளக்கடியில் புரண்டு மறைந்தது. தண்ணீர் மாடிக்கு வந்து அவர் கணுக்காலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

துணி இழுபட்டது. மறுமுனை ஒரு கை நீளம் நெருங்கியது. இன்னொரு கை நீளம்.

தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

யாரோ பேச வாயெடுக்கும் மூச்சு.

சங்கரலிங்கம் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. தரை படாமல், நனைந்த துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தைக்காக, கண் இமைக்காமல் நின்றார்.

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.