நான்கைத் தாண்டாத மீட்டர்

பிப்ரவரி 2003. காலை ஏழரை மணி.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையின் கழிவுக் குழியிலிருந்து பூவரசனைத் தூக்கி மேலே கிடத்தியபோது உயிர் இல்லை. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. சேறு வாரப் போனவன், ஏணியில் பாதி இறங்குவதற்குள் சரிந்துவிட்டான்.

"விஷவாயு," என்றார் டாக்டர்.

உதவி ஆய்வாளர் பெர்சிஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். போலீஸ் தேர்வு எழுதுவதற்கு முன் கணினி அறிவியல் படித்தவள். குழியின் வாயில் தொங்கும் சென்சாரிலிருந்து ஒரு கம்பி அங்கிருந்த கணினிக்கு வந்தது. அதில் காட்டும் வாயு அளவு பத்தைத் தாண்டினால் மணி அடிக்கும், யாரும் இறங்கக் கூடாது. திரையில் இருந்தது 4.

"நாலுன்னு பாத்துட்டுதான் மேடம் எறக்குனேன்." மேஸ்திரி நயீம் அகமது சொன்னார். "முன்னெல்லாம் இந்த மணி பெரிய பேஜாரு. அடிக்கடி அடிச்சி வேலைய நிறுத்திடும். பொங்கலுக்கு அப்புறம் ஒரு வாட்டிகூட அடிக்கல."

"குழியில இன்னா மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல. அதே தோலு, அதே சுண்ணாம்பு."

பெர்சிஸ் சென்சாரைக் கழற்றி வெளியே காற்றில் பிடிக்கச் சொன்னாள். 4. மறுபடி குழியின் மேல். அப்போதும் 4. ஆனால் எலக்ட்ரீஷியன் கம்பியில் மீட்டர் வைத்தபோது, குழியின் மேல் மின்னழுத்தம் எகிறியது. சென்சார் நன்றாகத்தான் இருந்தது.

கணினியைப் பார்த்துக்கொள்பவன் ஜோஸ்.

"புரோகிராம் யார் எழுதினது?"

"இவான்னு இங்க வேல பாத்தவன். போன ஏப்ரல்ல பெங்களூர் போய்ட்டான்."

"பாஸ்வேர்டு?"

"இப்ப எங்கிட்ட மட்டும்தான்."

"நீங்க எதையாவது மாத்துனீங்களா?"

"ஒரு வரிகூட அழிக்கல மேடம்."

அது உண்மைதான். பெர்சிஸ் புரோகிராமைத் திறந்து பார்த்தபோது எல்லா வரியும் இருந்தது.

பகல் பன்னிரண்டு மணி. மேனேஜர் கோதண்டபாணியின் அறையில் நயீமையும் ஜோஸையும் உட்கார வைத்தாள்.

"மின்னழுத்தத்தை வாயு அளவா மாத்துறது pow10னு ஒரு ஃபங்ஷன். அது எல்லா சிஸ்டத்துலயும் இருக்காது. லினக்ஸ்ல கூடுதலா குடுத்திருக்காங்க. அது வேணும்னா '#define _GNU_SOURCE'ங்கிற வரிய, புரோகிராம் தொடக்கத்துல 'ஹெடர்'னு சேக்குற கோப்புங்கள்ல மொதல்ல வர்றதுக்கு முன்னாடி போடணும். இங்க அந்த வரி ஹெடருக்கெல்லாம் கீழ கெடக்கு. அங்க அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். pow10 தசம எண்ணைத் தரும்னு, புரோகிராம கணினிக்குப் புரியிற மாதிரி மாத்துற கம்பைலருக்குத் தெரியாது. முழு எண்ணுன்னு நெனச்சி விடைய வேற எடத்துல போயி எடுக்கும். அங்க கெடந்த குப்பைதான் இந்த நாலு."

"இவானே அப்படி வச்சிட்டுப் போயிருக்கலாம்," என்றான் ஜோஸ்.

"இவான் போனப்புறமும் பொங்கல் வரைக்கும் மணி அடிச்சிருக்கு. அப்ப வரி சரியான எடத்துல இருந்துச்சி. அப்புறம் கீழ எறக்குனது பாஸ்வேர்டு வச்சிருக்கிற நீங்கதான், ஜோஸ்."

"பாக்க அழகா இருக்கட்டும்னு மாத்துனேன். இப்படி ஆகும்னு தெரியாது."

"தெரியாம மாத்தியிருந்தா கம்பைலர் எச்சரிச்சிருக்கும், நீங்களும் திருத்தியிருப்பீங்க. அந்த எச்சரிக்கையே வரக்கூடாதுன்னு கம்பைலருக்குக் குடுக்குற கட்டளையில -w சேத்திருக்கீங்க."

ஜோஸ் கோதண்டபாணியைக் கைகாட்டினான்.

"மணி அடிச்சா சரக்கு லேட்டாகுதுன்னு சார் தெனமும் திட்டுவாரு. அடிக்காம பண்ணுன்னாரு. நாலுன்னு நின்னுச்சி. உட்டுட்டேன்."

"எப்படிப் பண்ணேன்னு நான் கேக்கவே இல்ல," என்றார் கோதண்டபாணி.

"கேட்டிருக்கணும். நீங்களும் ஜோஸும் ஜீப்புல ஏறுங்க."

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் பூவரசனின் மனைவி ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி நயீம், கிட்டே வரத் துணியாமல் நின்றார்.

"தெரிஞ்சேதான் எறக்குனாங்களாம்மா?" என்று பெர்சிஸிடம் கேட்டாள் ராஜம்மாள்.

"எறக்குனவருக்குத் தெரியாது," என்றாள் பெர்சிஸ். "தெரிஞ்சவங்க யாரும் குழிப் பக்கமே வரல."

ராஜம்மாள் நிமிர்ந்து நயீமைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.