அப்பா நிற்கும் இடம்

பரவை மார்க்கெட்டில் அழகுபாண்டியின் குட்டியானையைத் தெரியாதவர்கள் கிடையாது. குட்டியானை என்றதும் தும்பிக்கையைத் தேடாதீர்கள். அது நான்கு சக்கரம் வைத்த சின்னச் சரக்கு வண்டி. வாரம் முழுக்க அதில் தக்காளியும் வெண்டைக்காயும் பயணம் போகும். போட்டி இருக்கும் நாட்களில் மட்டும் ஒரு சைக்கிளும், அந்தச் சைக்கிளின் சொந்தக்காரியும் போவார்கள்.

சொந்தக்காரியின் பெயர் பவதாரிணி. அழகுபாண்டியின் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தாரிணி.

தாரிணிக்கு டிரையத்லான் என்றால் உயிர். முதலில் நீந்த வேண்டும். தண்ணீரிலிருந்து ஏறி, ஈரத்தோடு ஓடிப்போய் சைக்கிளை எடுக்க வேண்டும். சைக்கிளை இறக்கி வைத்த கையோடு ஓட ஆரம்பிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரே போட்டி. நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாமா என்றெல்லாம் கேட்கக் கூடாது.

நீச்சலை அம்மா தாமரைச்செல்விதான் சொல்லிக்கொடுத்தார். அவர் பிறந்த எழுமலையில் ஒரு தோட்டத்துக் கிணறு இருக்கிறது. அதில் இறங்கினால் யாராக இருந்தாலும் இரண்டே நாளில் நீச்சல் வந்துவிடும். வேறு வழியில்லை, அவ்வளவு ஆழம்!

இதுவரை தாரிணி இரண்டு வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய் வந்திருந்தாள். இரண்டு ஊரிலும் போட்டி முடிந்ததும் ஒட்டப்பட்ட தாளில் அவள் பெயர் இருந்தது. பெயரின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும் இருந்தது. கோடு போட்டால் நீக்கப்பட்டாள் என்று பொருள்.

இரண்டு கோட்டுக்கும் காரணம் அப்பா.

கோயம்புத்தூரில் ஒரு மேடு. தாரிணி மூச்சைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சைக்கிள் காற்றாய்ப் பறந்தது. திரும்பிப் பார்த்தால், அப்பா சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்!

விசில் ஊதியது. நடுவர் பாகீரதி மேடம் வந்தார்.

“சார், வெளியாட்கள் உதவி பண்ணக் கூடாது.”

“நான் வெளியாள் இல்லம்மா, அவளோட அப்பன்” என்றார் அழகுபாண்டி.

அடுத்தது தூத்துக்குடி. இந்த முறை மகளைத் தொடவே மாட்டேன் என்று அப்பா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். தொடவும் இல்லை. ஆனால் தாரிணி ஓடும்போது ஒரு சொம்பு மோரோடு கூடவே ஓடினார். தாரிணி வாங்கவில்லை. ஆனாலும் விசில் ஊதியது.

“மோர்தானம்மா நீட்டுனேன்! தொடக்கூட இல்லையே!” என்றார் அப்பா. அதோடு விட்டாரா? வெயிலில் நின்ற பாகீரதி மேடத்தைப் பார்த்து, “நீங்களாச்சும் ஒரு வாய் குடிங்க” என்று சொம்பை நீட்டினார்.

இதில் அப்பாவைச் சொல்லியும் குற்றமில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க ஊரே நடந்து போகும்போது, மார்க்கெட்காரர்கள் சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். மூன்று நாளும் அதில் நிற்பவர் அழகுபாண்டி. யாரையும் வறண்ட வாயோடு அனுப்ப மாட்டார். வேண்டாம் என்று போகிறவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக் குடிக்க வைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், தாகத்தோடு ஓடும் மகளைச் சும்மா பார்த்துக்கொண்டிரு என்றால் எப்படி?

தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது அப்பா அருப்புக்கோட்டை தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“இனிமே நான் உள்ள வரல தாயி. உன்னைய கொண்டாந்து விட்டுட்டு வாசல்லயே இருந்துக்கிறேன்.”

“ஏம்ப்பா?”

“நீ அம்புட்டுக் கஷ்டப்பட்டு ஓடுற. நான் வந்து கெடுத்து வச்சிடுறேன்.”

தாரிணிக்கு, வராதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்க என்று சொல்லப் பயமாக இருந்தது. அடுத்த போட்டி திருவாதவூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில். முதல் ஐந்து பேரைச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கேயும் ஒரு கோடு விழுந்தால் அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க அவள் அதையே யோசித்தாள். கணக்கு வகுப்பில் யோசித்துத் திட்டு வாங்கினாள். சாப்பிடும்போது யோசித்து, ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டாள்.

“என்னடி, நீயும் உங்கப்பா மாதிரி மோரத் தூக்கிட்டு அலையுற?” என்றார் அம்மா.

தாரிணி சிரித்தாள். சிரித்த பிறகும் அம்மா சொன்னது மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

போட்டிக்காரர்கள் கொடுத்திருந்த விதிமுறைத் தாளை எடுத்தாள். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று அதில் இரண்டு பக்கம் இருந்தது. அதை விட்டுவிட்டு, எதைச் செய்யலாம் என்று விரல் வைத்துத் தேடினாள். பதினான்காவது வரியில் விரல் நின்றது.

‘போட்டியாளர்கள் தண்ணீர் மேசையில் தரப்படும் தண்ணீரை வாங்கலாம். மேசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தர வேண்டும்.’

தாளின் அடியில் பாகீரதி மேடத்தின் எண் இருந்தது. இரண்டு முறை பெயரில் கோடு போட்டவர். தாரிணி அம்மாவின் போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

“மேடம், நான் பரவை பவதாரிணி பேசுறேன்.”

“பரவையா?” மறுமுனையில் குரல் யோசித்தது. “மோர் சொம்பு?”

“ஆமா மேடம், அவரு பொண்ணுதான். தண்ணீர் மேசையில யாரு நிப்பாங்க மேடம்?”

“தன்னார்வலர்கள். இன்னும் ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“எங்கப்பா நிக்கலாமா?”

மேடம் பதில் சொல்வதற்குள் தாரிணியே தொடர்ந்தாள்.

“மேடம், எங்கப்பாவால சும்மா நிக்க முடியாது. ஆனா எல்லாருக்கும் தண்ணி கொடுக்கச் சொன்னா அவர மாதிரி கொடுக்க ஆளே இல்ல. திருவிழாவுல மூணு நாள் நிப்பாரு. கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு.”

“சரி” என்றார் மேடம் மெதுவாக. “ஆனா ஒண்ணு. மேசையத் தாண்டி உன் பக்கம் ஒரு அடி எடுத்து வச்சாருன்னாலும் நான் கோடு போட்டுடுவேன். யோசிச்சுக்கோ.”

தாரிணி யோசித்தாள். “நிக்கட்டும் மேடம்” என்றாள்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் அதைவிடப் பெரிய பாடாக இருந்தது.

“வேணாம் தாயி, என்னைய நம்பாத. என் கை சும்மா இருக்காது” என்றார் அவர்.

“கை சும்மா இருக்க வேணாம்ப்பா. அதுக்குத்தான் இந்த வேலையே. கால்தான் சும்மா இருக்கணும்.”

அப்பா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அவற்றின் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குட்டியானை கிளம்பியது. முந்தின நாள் ஏற்றிய கொத்தமல்லியின் வாசம் சைக்கிளிலும் ஏறியிருந்தது. ஒத்தக்கடை வந்தபோது யானைமலை கறுப்பாகத் தெரிந்தது. அப்பா வழிநெடுகப் பாடம் படிப்பதுபோல் முணுமுணுத்தார்.

“மேசையத் தாண்டக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி. மேசையத் தாண்டக் கூடாது...”

கல்லூரியில் அவருக்கு ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். அழகுபாண்டியின் வயிற்றுக்கு அது கொஞ்சம் இறுக்கம். வேப்பமரத்தடியில் மேசை, நான்கு தண்ணீர் கேன், காகித டம்ளர்கள். அவர் போனதும் முதல் வேலையாக டம்ளர்களை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் ஒரு மிடறு கூடிவிட்டது. அதைத் திரும்பக் கேனில் ஊற்றினார்.

பாகீரதி மேடம் கழுத்தில் விசிலோடு மரத்தின் அந்தப் பக்கம் வந்து நின்றார்.

போட்டி தொடங்கியது. நீச்சலில் தாரிணி எட்டாவதாகக் கரையேறினாள். நீச்சல்குளத்தில் திரும்பித் திரும்பி நீந்த வேண்டும். கிணற்றில் அந்த வழக்கம் இல்லையே! சைக்கிளில் ஒவ்வொருவராக முந்தினாள். சைக்கிளை இறக்கி வைத்தபோது ஐந்தாவது இடம்.

இனி ஓட்டம். கல்லூரியை இரண்டு முறை சுற்றி வர வேண்டும். இரண்டு சுற்றிலும் தண்ணீர் மேசையைக் கடக்க வேண்டும்.

முதல் சுற்றில் அவளுக்குச் சற்று முன்னால் மதுரையிலிருந்து வந்த மாதங்கி ஓடினாள். தாரிணி முந்த வேண்டியது அவளைத்தான். அப்பா டம்ளரை நீட்டினார்.

“குடிச்சுக்க தாயி, பதறாம ஓடு!”

தாரிணிக்குச் சுருக்கென்றது. தாயி என்பது அப்பா அவளை மட்டும் கூப்பிடும் பெயர் அல்லவா? அடுத்த நொடி அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. அதே அளவு, அதே குரல். “குடிச்சுக்க தாயி, பதறாம ஓடு!” பின்னால் வந்த பையனுக்கு, “குடிச்சுக்க ராசா!”

இரண்டாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது. மேசைக்குப் பத்தடி முன்னால், மாதங்கியை எட்டிப்பிடிக்கும் வேகத்தில் தாரிணியின் கால் ஒரு கல்லில் இடித்தது. குப்புற விழுந்தாள். முழங்கால் இரண்டும் எரிந்தன.

தலையைத் தூக்கினாள். நேர் எதிரே அப்பா. கையில் டம்ளர். அவருடைய வலது கால் மேசையைச் சுற்றி வெளியே வரத் தூக்கியபடி நின்றது. பாகீரதி மேடத்தின் விசில் வாய்க்குப் போய்விட்டது.

வேண்டாம்ப்பா என்று கத்த நினைத்தாள். அதற்குள் வேறொரு குரல் கேட்டது.

“அங்கிள், தண்ணி!”

பின்னால் வந்த பையன் அவளைத் தாண்டி ஓடிப்போய் மேசை முன்னால் கையை நீட்டினான். அப்பா அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தூக்கிய காலைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தார். டம்ளரைப் பையனிடம் நீட்டினார். கண் மகள் மேலேயே இருந்ததில் பாதித் தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது.

அப்பா வரவில்லையே என்று தாரிணிக்கு ஒரு நொடி அழுகை வந்தது. வராமல் நின்றாரே என்று மறு நொடி பெருமையாக இருந்தது. இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். நொண்டிக்கொண்டே மேசைக்கு வந்தாள்.

“குடிச்சுக்க தாயி” என்றார் அப்பா. டம்ளரில் அதே அளவு தண்ணீர்தான் இருந்தது.

அவள் குடித்தாள். ஓடினாள். முன்னால் போன பையன் பையன்களுக்கான தனிக் கணக்கு, அவனை விடுங்கள். மாதங்கியை முந்த முடியவில்லை. ஆனால் பின்னால் வந்த யாரையும் தன்னை முந்தவும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் பிரிவுக்கான தாளை ஒட்டினார்கள். கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். ஐந்தாவது பெயர், அ. பவதாரிணி, பரவை. விரலால் பெயரைத் தடவிப் பார்த்தாள். குறுக்கே ஒன்றும் இல்லை.

“நீயும் சென்னைக்கு வர்றியா? ஐ!” என்று மாதங்கி அவள் தோளில் கை போட்டாள். “அந்தத் தண்ணி அங்கிள் யாருப்பா? எனக்கு ஓடவே தெம்பு வந்துருச்சு.”

“எங்கப்பா” என்றாள் தாரிணி. அந்தச் சுருக் இப்போது இல்லை.

அப்பாவைத் தேடினாள். முடிவுக் கோட்டருகில் எல்லா அப்பாக்களும் அம்மாக்களும் இருந்தார்கள். அவள் அப்பாவைக் காணோம். மற்ற பச்சைச் சட்டைக்காரர்கள் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் இல்லை.

நொண்டி நொண்டி வேப்பமரத்துக்குப் போனாள். அப்பா மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, பேருல கோடு இல்லப்பா! அஞ்சாவது! சென்னைக்குப் போறோம்!”

அவர் முகம் பூரித்துப்போனது. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை. “கால் ரொம்ப எரியுதா தாயி? இந்தா வாரேன். இன்னும் ஒரு பிள்ள வரணும்.”

தூரத்தில், எல்லோருக்கும் கடைசியாக, சின்னப் பையன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தான். தாரிணியும் மேசைக்குப் பின்னால் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். பையன் வந்தான், குடித்தான்.

“இன்னும் கொஞ்ச தூரந்தான் ராசா! ஓடு!”

பையன் ஓடினான். அப்பாவின் கால்கள் இருந்த இடத்திலேயே தரையைத் தட்டின. எதற்கும் இருக்கட்டும் என்று தாரிணி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

பையன் கோட்டைத் தாண்டியதும்தான் அவள் அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“நீங்க தண்ணி குடிச்சீங்களாப்பா?”

அப்பா யோசித்தார். “மறந்துட்டேன் பாப்பா.”

தாரிணி கேனைச் சாய்த்து, அடியில் இருந்த தண்ணீரை ஒரு டம்ளர் நிறையப் பிடித்து நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. விசிலோடு நின்ற பாகீரதி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், பிள்ளை கையால நான் வாங்கலாம்ல? ஒண்ணும் தப்பில்லையே?”

மேடம் விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். “தாராளமா குடிங்க சார்.”

அப்பா ஒரே மூச்சில் குடித்து முடித்து, காலி டம்ளரை மறுபடியும் மகளிடம் நீட்டினார்.